த்ரெட்டும் லாக்கும் இருக்க, புது மாடல் எதற்கு?

நீங்கள் கேட்டது இதுதான்: கோ, ரஸ்ட் என்று நல்ல மொழிகள் வந்துவிட்டன, த்ரெட்டும் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டம்) லாக்கும் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் தொடலாம் என்ற பூட்டு) எல்லா மொழியிலும் இருக்கின்றன, அப்படியிருக்க பாரலல் கம்ப்யூட்டிங்குக்கு, அதாவது பல கணக்கை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்கு, இன்னும் புதுப்புது கணித மாடல், புது மொழி என்று ஏன் ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள், இதில் நமக்குப் பயன்படுவது ஏதாவது உண்டா, உண்டென்றால் எங்கிருந்து தொடங்குவது?

உண்டு, நிறையவே உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு மாடல், அதாவது புரோகிராம் எப்படி ஓடுகிறது என்பதற்கான கணித வரைவு, நல்லதா என்று பார்க்க நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். புரோகிராமை ஓடவிட்டால் என்ன விடை வரும்? அது வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒற்றைக் கோரில் (ப்ராசசருக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதி) ஓடும் சாதாரணப் புரோகிராமுக்கு இரண்டுமே நமக்கு எழுதிய கோடை (code) படித்தாலே ஓரளவு தெரிந்துவிடும். வரி வரியாக மேலிருந்து கீழே படித்தால் விடை, லூப்புகளை எண்ணினால் நேரம். இந்த வசதி நமக்கு அவ்வளவு பழகிப்போனதால் அது இருப்பதே கண்ணில் படுவதில்லை. த்ரெட்டையும் லாக்கையும் கையில் எடுத்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன.

விடை எப்படிப் போகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். எண்ணிக்கை என்று ஒரு மாறி, தொடக்கத்தில் 0. அ, ஆ என்று இரண்டு த்ரெட். இரண்டும் தலா 1000 முறை "எண்ணிக்கையில் 1 கூட்டு" என்று செய்கின்றன, லாக் இல்லை. 2000 வர வேண்டும். லாக் இல்லாவிட்டால் 2000-க்குக் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும், 1000-க்குக் கீழே போகாது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைப்பார்கள். உண்மையில் 2 வரைக்கும் இறங்கலாம். அ முதலில் 0 என்று படிக்கிறது, எழுதுவதற்குள் ஆபரேட்டிங் சிஸ்டம் அதை ஓரமாக நிறுத்திவிடுகிறது. ஆ தன் 999 சுற்றை முடிக்கிறது. இப்போது அ எழுந்து தன் கையில் இருக்கும் பழைய 0-வோடு 1 கூட்டி 1 என்று எழுதுகிறது. 999 சுற்றின் உழைப்பு அழிந்தது. ஆ தன் கடைசிச் சுற்றுக்காக அந்த 1-ஐப் படிக்கிறது, அதை நிறுத்துகிறார்கள். அ தன் மிச்சம் 999 சுற்றையும் முடிக்கிறது. கடைசியாக ஆ எழுந்து, தான் படித்த 1-ஓடு 1 கூட்டி 2 என்று எழுதுகிறது. முடிந்தது. இத்தனைக்கும் கோடு ஒரே ஒரு வரி.

டெஸ்ட் செய்து பிடித்துவிடலாம் என்றால், தலா 10 படிகள் கொண்ட இரண்டு த்ரெட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் வழிகள் மட்டுமே 1,84,756. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இரவில் ஓடும் ஒரு கணக்கு சில நாட்களில் மட்டும் ஒன்றிரண்டு குறைவாக வரும். எங்கே தப்பு என்று பார்க்க ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால் தப்பு மறைந்துவிடும், ஏனென்றால் அந்தப் பிரிண்டே த்ரெட்டுகளின் வேகத்தை மாற்றிவிடுகிறது. மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்துக்கு அப்புறம்தான் நான் இந்த மாடல்களைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மேலே சொன்ன கதையில் படிகள் ஏதோ ஒரு வரிசையில் நடந்தன என்றாவது வைத்துக்கொண்டோம். லெஸ்லி லாம்போர்ட் 1979-ல் அந்த எதிர்பார்ப்புக்கு ஒரு தெளிவான வரையறை கொடுத்தார். நம் கையில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி சிப்புகள் அதைக்கூட முழுதாகக் காப்பாற்றுவதில்லை. க, ச என்று இரண்டு மாறி, தொடக்கத்தில் இரண்டும் 0. ஒரு த்ரெட் க-வில் 1 எழுதிவிட்டு ச-வைப் படிக்கிறது, இன்னொன்று ச-வில் 1 எழுதிவிட்டு க-வைப் படிக்கிறது. எப்படிக் கலந்தாலும் ஒன்றாவது 1-ஐப் பார்த்தாக வேண்டும் என்று தோன்றும். ஆனால் எழுதியது முதலில் கோரின் சொந்த பஃபரில் (தற்காலிக இடத்தில்) தங்கிவிடுவதால் இரண்டுமே 0 என்று படிப்பது நிஜமாகவே நடக்கும். இதற்கு ஒழுங்கான விதி எழுதவே ஜாவாவுக்கு 2004 வரையும், சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்கு 2011 வரையும் ஆனது. எது சரியான விடை என்பதே ஒழுங்காக எழுதப்படாத மொழிகளில் அத்தனை வருடம் உலகம் த்ரெட் புரோகிராம் எழுதியிருக்கிறது.

சரி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், நேரம். இதற்கு வந்த ஆரம்ப மாடல்களில் பிரபலமானது 1978-ல் ஃபார்ச்சூன், வைலி இருவரும் கொடுத்த பிராம். எத்தனை ப்ராசசர் வேண்டுமானாலும் வைத்துக்கொள், எல்லாம் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைக்கும், பொது மெமரியில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரே படி. அல்காரிதம் கண்டுபிடிக்க இது அருமையான இடம், இன்றும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் மெமரியைத் தொடுவதும் அடுத்த ப்ராசசரோடு பேசுவதும் இலவசம் என்று சொல்லும் மாடல் நிஜ மெஷினின் நேரத்தைக் கணிக்க உதவாது.

லெஸ்லி வாலியன்ட் 1990-ல் பிஎஸ்பி என்ற மாடலைக் கொடுத்தார் (கம்ப்யூட்டர் துறையின் உயர்ந்த விருதான டூரிங் விருது 2010-க்கு அவருக்குப் போனது, இந்தப் பணியும் அதில் சேர்த்தி). அவருடைய வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒற்றைக் கோர் உலகில் வான் நாய்மன் மாடல் (ஒரே மெமரி, கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக) ஹார்டுவேர்காரர்களுக்கும் சாஃப்ட்வேர்காரர்களுக்கும் நடுவே ஒரு பாலமாக இருந்ததால்தான் இருவரும் ஒருவரையொருவர் கேட்காமலே வளர முடிந்தது, பாரலலுக்கும் அப்படி ஒரு பாலம் வேண்டும். பிஎஸ்பியில் வேலை சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒரு சுற்றில் ஒவ்வொரு ப்ராசசரும் தன்னிடம் இருக்கும் டேட்டாவை வைத்துக் கணக்குப் போடும், பிறருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பும், பிறகு எல்லோரும் வந்து சேரும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள். அனுப்பியது அடுத்த சுற்றில்தான் கைக்கு வரும். ஒரு சுற்றின் விலை மூன்று பகுதி: அதிகம் உழைத்தவரின் கணக்கு நேரம், அதிகம் அனுப்பியவர் அல்லது பெற்றவரின் செய்தி எண்ணிக்கையை நெட்வொர்க்கின் வேகத்தைக் குறிக்கும் ஒரு எண்ணால் பெருக்கியது, காத்திருந்து ஒன்றுசேர ஆகும் நிலையான செலவு. மெஷினைப் பற்றித் தெரிய வேண்டியது கடைசி இரண்டு எண்தான், அவற்றை ஒரு சின்ன டெஸ்ட் ஓட்டி அளந்துவிடலாம். சுற்றின் நடுவே யார் முந்தினார்கள் என்ற கேள்வியே எழாததால் விடையும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். முனைகளும் இணைப்புகளும் கொண்ட பெரிய வலைகளை (கிராஃப்) அலச கூகுள் 2010-ல் வெளியிட்ட பிரெகல் இதே மாடலின் மேல்தான் நிற்கிறது. இன்று பல ஜிபியுவில் (ஏராளமான கணக்கை ஒரே நேரத்தில் போடும் சிப்) ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும்போது ஒவ்வொன்றும் தன் பங்கைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பகிர்ந்துகொண்டு, பிறகு அடுத்த படிக்குப் போகிறதே, அதை நான் பார்க்கும்போது பிஎஸ்பிதான் தெரிகிறது.

ஒரே மெஷினுக்குள் பல கோர் என்றால் இன்னும் எளிமையான கணக்கு உண்டு, இதை மட்டும் எப்படியாவது படித்துவிடுங்கள். இரண்டே எண். ஒன்று, செய்ய வேண்டிய மொத்த வேலை. இன்னொன்று, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று கோத்துக்கொண்டு நிற்கும் படிகளில் மிக நீண்ட சங்கிலி. இட்லிக்குப் பத்து பேர் பத்து கிரைண்டரில் அரைத்தால் அரைக்கும் நேரம் குறையும், மாவு புளிக்க ஆகும் ராத்திரி குறையாது. அரைப்பது மொத்த வேலை, புளிப்பது சங்கிலி. ரிச்சர்ட் பிரென்ட் 1974-ல் காட்டியதன் சாரம் இது: எந்தக் கோரையும் வீணாக நிறுத்தாமல் ஓட்டினால், ஆகும் நேரம், மொத்த வேலையைக் கோர் எண்ணிக்கையால் வகுத்து அதோடு சங்கிலியின் நீளத்தைக் கூட்டினால் வருவதைத் தாண்டாது. எம்ஐடியில் சார்லஸ் லைசர்சன் குழு உருவாக்கிய சில்க் என்ற மொழி, வேலையில்லாத கோர் பக்கத்துக் கோரின் வரிசையிலிருந்து வேலையைத் திருடிக்கொள்ளும் முறையில் கிட்டத்தட்ட இதே வரம்பைச் சராசரியில் எட்டிக் காட்டியது. மொழியும் மாடலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 5, 2, 8, 1, 4, 3, 6, 7 என்று எட்டு எண். ஒவ்வொரு இடத்திலும் அதுவரையிலான கூட்டுத்தொகை வேண்டும். வரிசையாகப் போனால் 7 கூட்டல், முந்தையது தெரிந்தால்தான் அடுத்தது, எனவே இது பாரலலுக்கு வராது என்றுதான் முதலில் தோன்றும். இப்போது எல்லா இடமும் ஒரே நேரத்தில் தனக்கு ஒரு இடம் முன்னால் இருப்பதைத் தன்னோடு கூட்டட்டும்: 5, 7, 10, 9, 5, 7, 9, 13. அடுத்து இரண்டு இடம் முன்னால் இருப்பதை: 5, 7, 15, 16, 15, 16, 14, 20. அடுத்து நான்கு இடம்: 5, 7, 15, 16, 20, 23, 29, 36. விடை வந்துவிட்டது, மூன்றே சுற்றில். முதல் தடவை இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் விலையைப் பாருங்கள். மூன்று சுற்றில் 7, 6, 4 என்று 17 கூட்டல் செய்திருக்கிறோம், 7 போதுமான இடத்தில். இதையே 10 லட்சம் எண்ணுக்குச் செய்தால் சங்கிலி 20 சுற்றுதான், ஆனால் மொத்த வேலை கிட்டத்தட்ட 1 கோடியே 90 லட்சம் கூட்டல். எட்டு கோரால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 23 லட்சத்துக்கு மேல், ஒற்றைக் கோரில் வரிசையாகப் போனாலோ மொத்தமே 10 லட்சம்! எட்டு கோர் போட்டு இரண்டு மடங்குக்கு மேல் மெதுவாக்கியிருக்கிறோம். இதே விடையை மரம் மாதிரி மேலே கூட்டிக்கொண்டே போய், பிறகு கீழே பகிர்ந்துகொண்டு வந்தால் சுமார் 20 லட்சம் கூட்டல், 40 சுற்று; எட்டு கோரில் இரண்டரை லட்சம் படியை ஒட்டி முடிந்துவிடும். எந்த அல்காரிதத்தை எடுப்பது என்று ஒரு வரி கோடு எழுதாமல், ஒரு மெஷினைத் தொடாமல் தெரிந்துவிட்டது. மாடல் என்பது இதற்குத்தான்.

இனி விடை பற்றிய கேள்வி. இங்கே இரண்டு பெரிய குடும்பம் உண்டு. கார்ல் ஹியூவிட்டும் சகாக்களும் 1973-ல் கொடுத்த ஆக்டர் மாடல், டோனி ஹோர் 1978-ல் கொடுத்த சிஎஸ்பி. இரண்டிலும் மெமரியைப் பகிர்வதில்லை, செய்தி அனுப்பித்தான் பேச வேண்டும். எரிக்ஸன் என்ற டெலிஃபோன் கருவி நிறுவனத்தில் 1986 வாக்கில் தொடங்கிய எர்லாங் மொழி, ஆக்டர் மாதிரியே தனித்தனிப் ப்ராசஸ், செய்தி என்று வளர்ந்தது. ஒக்கம் என்ற மொழியும் பின்னால் வந்த கோவும் சிஎஸ்பி வழி. ஒரு பகுதி விழுந்தாலும் மற்றது ஓட வேண்டும், பல இடத்திலிருந்து கோரிக்கை வந்துகொண்டே இருக்கும் என்ற வேலைக்கு இவை சரியானவை. ஆனால் கணக்கை வேகமாக முடிக்க இவற்றைத்தான் எடுக்க வேண்டும் என்று பலர் நினைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கோ மொழியில் செலக்ட் எழுதி இரண்டு சேனலில் (செய்தி போகும் குழாய்) காத்திருந்தால், இரண்டும் தயாராக இருக்கும்போது மொழியே குலுக்கிப்போட்டு ஒன்றை எடுக்கும். விடை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம் என்று மொழியே சொல்கிறது.

இதில் மிக அழகான உண்மையை 1974-ல் ஜில் கான் கண்டுபிடித்தார். ப்ராசஸ்கள் சேனல் வழியே மட்டும் பேசட்டும், ஒவ்வொரு சேனலிலும் எழுத ஒருவர், படிக்க ஒருவர். அதற்கு மேல் ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு சேனலைப் படிக்கத் தொடங்கினால் செய்தி வரும்வரை காத்திருக்க வேண்டும், "அதில் ஏதாவது வந்திருக்கிறதா" என்று எட்டிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். எந்த வேகத்தில் எது ஓடினாலும் விடை ஒன்றே என்று அவர் நிரூபித்தார். "யார் முதலில் வந்தார்கள்" என்று கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தால் விடை நிலையாகிறது. இதன் பிறகு வந்த பல மாடல்களை நான் இந்த ஒரு வாக்கியத்தின் வழியாகத்தான் படிக்கிறேன்.

எம்ஐடியில் அர்விந்த் (கான்பூர் ஐஐடியில் படித்து அமெரிக்கா போனவர், 2024-ல் காலமானார்) தன் டேட்டாஃப்ளோ (தேவையான டேட்டா வந்ததும் அந்த வேலை ஓடும் முறை) ஆராய்ச்சியில் கொண்டுவந்த ஐ-ஸ்ட்ரக்சர் இதே வழிதான். ஒரு இடம் காலியாகத் தொடங்கும், ஒரே ஒரு முறைதான் எழுதலாம், எழுதும்வரை படிப்பவர் காத்திருப்பார். படிப்பவர் முந்தினாலும் எழுதுபவர் முந்தினாலும் ஒரே விடை. லின்ட்ஸி கூப்பரும் ரயன் நியூட்டனும் 2013-ல் கொடுத்த எல்வார் இதை விரித்தது: எத்தனை முறை வேண்டுமானாலும் எழுது, ஆனால் மதிப்பு ஏறிக்கொண்டேதான் போகலாம், இறங்கக் கூடாது; படிப்பவர் "இப்போது என்ன இருக்கிறது" என்று கேட்கக் கூடாது, "இந்த அளவைத் தொட்டுவிட்டதா" என்று மட்டும் கேட்டுக் காத்திருக்கலாம். ஒரு கிராஃபில் எட்ட முடிந்த முனைகளையெல்லாம் ஒரு கூடையில் சேர்ப்பது மாதிரி வேலைக்கு லாக்கே இல்லாமல் நிம்மதியாக எழுதலாம்.

டேட்டா மேல் ஒரே வேலையைப் பரப்பும் மொழிகளில் கை பிளெல்லாக் உருவாக்கிய நெஸ்ல் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் மொத்த வேலை, சங்கிலி என்ற இரண்டு எண்ணையும் மொழியின் இலக்கணத்தோடேயே சேர்த்துக் கொடுத்தது. அதே வழியில் இன்று உயிரோடு இருப்பது கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஃபுதார்க். ஃபங்ஷனல் மொழியில் மேப் (ஒவ்வொன்றின் மேலும் ஒரே வேலை), ரெட்யூஸ் (எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்ப்பது), ஸ்கேன் (மேலே போட்ட எட்டு எண் கணக்கு மாதிரி) என்று எழுதினால் ஜிபியுவுக்கான கோடு வரும். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். ரெட்யூஸுக்குக் கொடுக்கும் செயலில் அடைப்பை எங்கே போட்டாலும் விடை மாறக்கூடாது, அதைக் கம்பைலர் சோதிக்காது, நாம்தான் உறுதி சொல்ல வேண்டும். தசம எண்களின் கூட்டல் அப்படிப்பட்டதில்லை. 64 பிட் தசம எண்ணில் 1-க்குப் பின் 16 சைபர் உள்ள எண்ணோடு 1 கூட்டுங்கள், அது மாறாது, மறுபடி 1 கூட்டினாலும் மாறாது. ஆனால் இரண்டு 1-ஐயும் முதலில் கூட்டி 2 ஆக்கிவிட்டுச் சேர்த்தால் 2 ஏறிவிடும். ஜிபியுவில் ஓட்டினால் விடை கடைசி இலக்கங்களில் மாறுகிறதே என்று கேட்பவர்களுக்குப் பல சமயம் காரணம் இதுதான்.

நிஜமாகவே புதிதாக ஏதாவது காட்டுங்கள் என்றால் இன்டராக்‌ஷன் நெட்டைக் காட்டுவேன். ஈவ் லாஃபோன் 1990-ல் கொடுத்தது. புரோகிராம் என்பது கம்பிகளால் இணைத்த முனைகளின் வலை, ஒவ்வொரு முனைக்கும் ஒரே ஒரு முக்கியக் கம்பி, இரண்டு முனைகளின் முக்கியக் கம்பிகள் ஒன்றையொன்று சந்தித்தால் மட்டும் அந்த ஜோடி மாறும். ஒரு முனைக்கு ஒரு முக்கியக் கம்பிதான் என்பதால் இரண்டு ஜோடிகள் ஒரே முனைக்காகச் சண்டை போடவே வழியில்லை. எந்த ஜோடியை முதலில் மாற்றினாலும் முடிவு ஒன்று, படிகளின் எண்ணிக்கையும் ஒன்று. விடைக்கும் மொத்த வேலைக்கும் ஒரே அடியில் உறுதி! 1997-ல் மூன்றே வகை முனை, ஆறே விதி இருந்தால் எந்தக் கணக்கீட்டையும் இப்படி எழுதலாம் என்றும் காட்டினார். 2024-ல் வந்த பெண்ட் என்ற மொழி, பைத்தான் மாதிரி எழுதியதை இந்த வலையாக்கி ஜிபியுவில் ஓட்டுகிறது. எனக்கு இதன் மேல் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் இப்போதைக்கு உங்கள் வேலையை இதில் வைக்கச் சொல்ல மாட்டேன். முதல் வெளியீட்டில் எண்கள் 24 பிட்தான். அதைவிட முக்கியம், ஒவ்வொரு படியும் மெமரியில் எங்கோ ஒரு இடத்தைத் தேடிப் போகிறது, இந்த மாடல் அந்தத் தூரத்தின் விலையை எண்ணுவதில்லை. சி-யில் ஒழுங்காக எழுதிய ஒற்றைக் கோர் லூப்புக்கு அந்தச் செலவு இல்லை. இன்னொன்று, ஒன்றின்பின் ஒன்றாகக் கோத்துக் கூட்டினால் எந்த மொழியும் அதைப் பிரித்துத் தராது, மரமாகக் கூட்டினால்தான் பிரியும். சங்கிலியைக் குறைப்பது நம் வேலையாகவே இருக்கிறது.

ரஸ்ட் இதில் எங்கே வருகிறது? இரண்டு த்ரெட் ஒரே இடத்தைக் காப்பில்லாமல் தொடுவதை, அதில் ஒன்றாவது எழுதுவதாக இருந்தால், ரஸ்ட் கம்பைல் ஆகும்போதே தடுத்துவிடுகிறது. மேலே சொன்ன எண்ணிக்கைக் கதை சாதாரண ரஸ்டில் கம்பைல் ஆகாது, அது பெரிய விஷயம். ஆனால் லாக்குகள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுபோவதையோ, யார் முந்தினார் என்பதைப் பொறுத்து விடை மாறுவதையோ அது தடுக்காது. ஓகேமல் என்ற மொழி வேறு வழி எடுத்தது. 2022 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அதற்குப் பல கோர் வசதி வந்தது, அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியைச் சேர்ந்த கே.சி. சிவராமகிருஷ்ணன். காப்பில்லாமல் தொட்டுவிட்டால் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் முழுப் புரோகிராமுக்கும் அர்த்தமே போய்விடும். ஓகேமலில் அந்தத் தப்பின் விளைவு அந்த இடத்தையும் அந்த நேரத்தையும் தாண்டிப் பரவாது என்று மெமரி மாடலிலேயே (மெமரியைப் படித்தால் என்ன வரலாம் என்று சொல்லும் விதிகள்) உறுதி கொடுத்திருக்கிறார்கள். தப்பு நடந்த பிறகும் மிச்சப் புரோகிராமை நிதானமாக யோசிக்க முடிகிறது. அந்த மூன்று வாரத்தில் எனக்கு இது கிடைத்திருக்க வேண்டும்.

எல்லா மொழியும் பிழைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா 2002 வாக்கில் தொடங்கிய திட்டத்தில் மூன்று நிறுவனங்கள் மூன்று மொழியைக் கொண்டுவந்தன: க்ரே சேப்பலை, ஐபிஎம் எக்ஸ்10-ஐ, சன் ஃபோர்ட்ரஸை. ஃபோர்ட்ரஸில் சாதாரண ஃபார் லூப்பே பாரலலாக ஓடும், வரிசையாக வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். எவ்வளவு துணிச்சலான யோசனை! 2012-ல் அந்தப் பணி நின்றது. சேப்பல் பிழைத்து 2024-ல் இரண்டாம் பதிப்பு வரை வந்திருக்கிறது, டேட்டா எந்த மெஷினில் இருக்கிறது என்பதைப் புரோகிராமர் கண்ணுக்குக் காட்டுவது அதன் பலம் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், மொழியிலிருந்து வேண்டாம். முதலில் மேலே போட்ட எட்டு எண் கணக்கைப் பேப்பரில் நீங்களே போட்டு, பிறகு அந்த மர வழியையும் போட்டு, இரண்டிலும் மொத்த வேலையையும் சங்கிலியையும் எண்ணுங்கள். அப்புறம் சில்க் அல்லது ஃபுதார்க்கில் அதை எழுதி ஓட்டி, கணித்த எண்ணும் கடிகாரம் காட்டும் எண்ணும் எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். விலகும் இடத்தில் பெரும்பாலும் மெமரிதான் இருக்கும், அங்கிருந்து பிஎஸ்பிக்குப் போகலாம். செலக்ட், சேனல் எல்லாம் அதற்குப் பிறகு. அப்போதும் கானின் கட்டுப்பாட்டோடு ஒரு புரோகிராம், அதை மீறி ஒரு புரோகிராம் என்று இரண்டையும் எழுதி, தலா ஆயிரம் முறை ஓட்டிப் பாருங்கள். ஓட்டும்போது வேறு ஏதாவது கனமான வேலையையும் அதே மெஷினில் பக்கத்தில் ஓடவிடுங்கள், காலியான மெஷினில் வித்தியாசம் எளிதில் வெளியே வராது.